துணியைப் பிரிக்கச் சொன்ன அக்கா

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரைத் திருவிழா முடிந்து ஊரே ஓய்ந்து கிடந்த சமயம். மதுரை பசுமலையில் ஒரு மாடியில் நடந்தது இது.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எழுதியது அதைவிடக் குறைவு. ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் தொழில் குஷன் வேலை. ஆட்டோ சீட், கார் சீட், பைக் சீட். ரெக்ஸினை வெட்டித் தைத்து, இழுத்துப் பிடித்து அடிக்க வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதுதான் செய்கிறேன். நடுவில் கப்பலூரில் ஒரு கம்பெனிக்கு ஃபோம் வெட்டப் போனேன். அங்கே மிஷினில் இடது கை மாட்டிக்கொண்டது. கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் போய்விட்டன. மற்ற மூன்றும் இருக்கின்றன. கட்டைவிரல் இல்லாமல் அவை இருந்து என்ன செய்ய. பையைத் தொங்கவிடலாம். துணியைக் கவ்விப் பிடிக்க முடியாது.

குஷன் வேலை என்பதே இழுப்புதான். இடது கை இழுத்து நிறுத்த வேண்டும், வலது கை அடிக்க வேண்டும். தொழில் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

காயம் ஆறியதும், வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் என் பழைய கடையைத் திறந்து உட்கார்ந்தேன். தெரிந்த ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். தையல் கோணலாகத்தான் ஓடியது. சீட்டு மூலையில் ரெக்ஸின் தொளதொளவென்று நின்றது. எனக்கே தெரிந்தது. ஆனால் ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

“சூப்பர்ணே. இந்தக் கைய வச்சுக்கிட்டு இம்புட்டு செய்றதே பெருசுண்ணே” என்றார்கள்.

நான் துணியை எடுத்தாலே பக்கத்தில் நிற்பவர் ஓடி வந்து பிடித்துக்கொள்வார். டீ வாங்கிக் கொடுப்பார்கள். முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் கீழவாசல் சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. முந்தின வாரம் நான் சீட்டு போட்டுக் கொடுத்த வண்டி. உள்ளே வேறு ரெக்ஸின். வேறு ஆள் தைத்தது. மூலையெல்லாம் கச்சிதமாக இருந்தது. டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரியின் அண்ணன் ஒரு மில்லில் சூப்பர்வைசர். நல்ல மனுஷன். அவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, “மாப்ள, எங்க மில்லுல வாட்ச்மேன் வேலை ஒண்ணு இருக்கு. வர்ற லாரிக்குக் கேட்டத் தொறந்துவிடணும், அம்புட்டுத்தேன். இந்தக் கையே போதும். ஒண்ணாந் தேதி சேரணும், அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு” என்றார்.

வாட்ச்மேன் வேலை கேவலம் இல்லை. என் அப்பா பார்த்த வேலைதான். ஆனால் போனால் கடையை மூட வேண்டும், தையல் மிஷினை விற்றுவிட வேண்டும். அதோடு நான் குஷன்காரன் இல்லை என்று ஆகிவிடும். ஒண்ணாம் தேதி வரை பார்ப்போம் என்று எனக்குள் ஒரு முடிவு எடுத்தேன். ஒரே ஒரு வேலையாவது, யாரும் பிடித்துக் கொடுக்காமல், யாரும் பாவம் பார்க்காமல் ஒழுங்காக முடித்துவிட்டால் கடையை மூட மாட்டேன். முடியாவிட்டால் மில் கேட்டுக்குப் போய்விடுவேன். இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்த அம்மா ஸ்கூட்டர் சீட்டு தைக்க வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். கண்ணாடி போட்டிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு எழுந்து வரவில்லை. முடிந்ததும் சீட்டைத் தடவிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“பெரிய துணி போடுவீங்களா?” என்று கேட்டார்.

“எம்புட்டுப் பெருசு?”

“கட்டில் அகலம், அதவிட நீளம். பூல் டேபிளுக்குத் துணி மாத்தணும்.”

நான் அதைப் பார்த்ததே இல்லை. பச்சைத் துணி போர்த்திய மேசை, அதன்மேல் பந்தைக் குச்சியால் தட்டி மூலை ஓட்டைகளில் விழவைக்க வேண்டும் என்று அவரே விளக்கினார். பசுமலையில் மாடியில் கிளப் வைத்திருக்கிறாராம். ஊரில் எல்லாரும் அதை ஸ்நூக்கர் கிளப் என்பார்களாம். யாரோ குச்சியை வேகமாகக் குத்தி ஒரு டேபிளின் துணியை நடுவில் கிழித்துவிட்டார்கள். புதுத் துணி வாங்கி வைத்திருக்கிறார், போட ஆள் இல்லை.

நான் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்றுதான்.

“பாத்தேன்” என்றார். “நாளைக்குக் காலையில வாரீங்களா?”

கிளப்புக்குக் கீழே மருந்துக்கடை. மேலே தகர ஷீட்டுக் கூரை. இரண்டு டேபிள்கள். காலேஜ் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அவரை அக்கா என்றார்கள், நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

ஓரக் கட்டைகளின் போல்ட்டைக் கழற்றிக் கீழே வைத்தேன். கிழிந்த துணியை உரித்தேன். உள்ளே பலகை இருக்கும் என்று நினைத்திருந்தேன். கல் இருந்தது. கறுப்புக் கல், தட்டையானது, மூன்று துண்டுகளை ஒட்டி ஒட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். மேலே தூசி, குச்சி முனையில் தேய்க்கிற சாக்பீஸ் பொடி. இரண்டு இணைப்பிலும் பழுப்பாக ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது.

குஷன் வேலையில் முதல் பாடம், அடித்தளத்தைச் சுத்தம் செய்வது. பழைய பசை ஒரு பொட்டு இருந்தாலும் புது ரெக்ஸினில் அது முண்டிக்கொண்டு தெரியும். நான் தகட்டுக் கத்தியை எடுத்துச் சுரண்டினேன். கல்லின் மேலே இருந்த அழுக்கு போனது. இணைப்பில் இருந்த பழுப்பும் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்தது. அதையும் விடவில்லை. கத்தி முனையை உள்ளே விட்டுத் துப்புரவாக எடுத்து, தூசியை ஊதி, ஈரத்துணியால் துடைத்தேன். கல் மூன்றும் கழுவிய சிலேட்டுப் போல இருந்தன.

பிறகு துணி. டேபிளைவிடப் பெரிய துணி, நாலு பக்கமும் நிறையத் தொங்கியது. அது எனக்கு வசதி. தொங்கிய துணியை இடது முன்கையில் தலைப்பாகை போலச் சுற்றினேன். முழங்காலை மேசைக் காலில் முட்டுக் கொடுத்து உடம்போடு பின்னால் சாய்ந்தேன். வலது கையால், கல்லுக்கு அடியில் ஓடிய மரச்சட்டத்தில் ஸ்டேப்ளரை அடித்தேன். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் போனபோது, விளையாடிக்கொண்டிருந்த பையன் ஒருத்தன் குச்சியை வைத்துவிட்டு, “அண்ணே, நான் புடிக்கவா?” என்று வந்தான்.

கவுன்டரில் இருந்து அக்கா குரல் வந்தது. “நீ உன் ஆட்டத்தப் பாருடா. அவருக்கு வேணும்னா கேப்பாரு.”

நான் கேட்கவில்லை.

சாயங்காலத்துக்குள் முடிந்தது. மிச்சத் துணியை, சீட்டுக்கு வெட்டுவது போல ஓரத்தை ஒட்டியே கத்தரித்துவிட்டேன். ஓரக் கட்டைகளுக்கும் துணி மாற்றி முடுக்கினேன். தள்ளி நின்று பார்த்தேன். நாற்றங்கால் மாதிரி இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. விபத்துக்குப் பிறகு நான் செய்த வேலையில் நானே ரசித்தது அதுதான்.

“முடிஞ்சதுக்கா” என்றேன்.

அவர் வந்தார். குச்சியை எடுக்கவில்லை. வெள்ளைப் பந்தை எடுத்து, ஒரு முனையிலிருந்து கையால் மெதுவாக உருட்டிவிட்டார். பந்து போனது. நடுவில் ஓர் இடத்தில் ‘டக்’ என்று சின்னச் சத்தம். கொஞ்சம் ஒதுங்கிப் போனது. மறுபடி ஒரு ‘டக்’. அந்த முனைக்குப் போய் இந்தப் பக்கம் உருட்டினார். அப்படியேதான்.

“பிரிச்சுருங்க” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “என்னக்கா?”

“பந்து நேரா ஓடல. பிரிச்சுட்டுத் திரும்பப் போடுங்க.”

“துணில ஒரு சுருக்கம் காட்டுங்க பாப்போம்.”

“துணி அழகாத்தான் இருக்கு. அழகு பாக்கவா டேபிள் வச்சிருக்கேன்? பந்து ஓடணும்ல.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து இழுத்ததில் முன்கை சிவந்து கிடந்தது. “இந்தக் கைய வச்சுக்கிட்டு இம்புட்டு செஞ்சதே...” என்று ஆரம்பித்தேன்.

பாதியில் நின்றுவிட்டேன். மற்றவர்கள் சொல்வது, சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போவது, என் வாயிலேயே வந்துவிட்டது.

அவர் என் கையைப் பார்த்தார். “அந்தக் கைதானே இழுத்துச்சு? இழுப்புல குத்தம் இல்லண்ணே. பந்துதேன் ஓடல.”

நான் படி இறங்கிவிட்டேன். ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பெரியார் நிலையம் போகும் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. மச்சானுக்குப் போன் போட்டு ‘வாரேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது என்று தோன்றியது. போனைக் கையில் எடுத்தேன். அப்புறம் சட்டைப்பையிலேயே போட்டுவிட்டேன். கத்தி, ஸ்டேப்ளர், கத்தரி எல்லாம் மேலே கிடந்தன. அவற்றை எடுக்கத்தான் திரும்பப் படி ஏறுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேலே அக்கா பக்கத்து டேபிளில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார். நான் போனதையும் கேட்கவில்லை, வந்ததையும் கேட்கவில்லை.

“இங்க வாங்க. குனிஞ்சு காத வைங்க” என்றார்.

வைத்தேன். அந்த டேபிளில் பந்து ஓடிய சத்தமே இல்லை. எண்ணெய்மேல் போவது போலப் போனது. என் டேபிளில் வைத்துக் கேட்டேன். ‘டக்’. சத்தம் வந்த இடத்தில் துணிமேல் மூன்று விரலையும் வைத்து அழுத்தித் தடவினேன். துணிக்குக் கீழே ஒரு கோடு. மயிரிழைப் பள்ளம். கல்லும் கல்லும் சேரும் இடம்.

“அக்கா, இந்தக் கல்லு நடுவுல ஏதோ பழுப்பா இருந்துச்சு...”

“என்ன செஞ்சீங்க?”

“சுரண்டிட்டேன். பழைய பசைன்னு நெனச்சேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கோபமாக இல்லை, நிஜமாகவே சிரித்தார். “அண்ணே, அதுதானே மூணு கல்லையும் ஒரே கல்லா ஆக்கி வச்சிருந்துச்சு! அதப் போயி சுத்தம் பண்ணியிருக்கீங்களே.”

“அது என்ன சாமான்க்கா?”

“யாருக்குத் தெரியும்? சென்னையிலருந்து வந்த மெக்கானிக் போட்டது.” அந்த ஆளுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது.

நான் ஓரக் கட்டையைக் கழற்ற உட்கார்ந்தேன்.

அடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்குவது அடிப்பதைவிடக் கஷ்டம். அவசரப்பட்டால் துணி கிழியும். வேறு துணி வர வேண்டும் என்றால் எத்தனை நாள் ஆகுமோ. ஒவ்வொரு பின்னின் கீழும் தட்டை ஸ்குரூடிரைவரை நுழைத்து, ஒரு பக்கம் நெம்பி, அப்புறம் மறுபக்கம் நெம்பி எடுத்தேன். எடுத்து முடித்து, துணியைச் சுருட்டி ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்காரி சோறு போட்டுக்கொண்டே, “போட்டத எதுக்குப் பிரிக்கணும்? அந்தம்மாவுக்குக் கண்ணு இல்லையா, உங்க கையத் தெரியல?” என்றாள்.

“கண்ணு இருக்கு. அதான்” என்றேன்.

மறுநாள் காலையில் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனேன். பழுப்பாக இறுகி இருந்தது மெழுகாகத்தான் இருக்கும் என்று என் யூகம். உருக்கி இணைப்பில் ஊற்றினேன். ஆறியதும் தகட்டால் வழித்தேன். தடவிப் பார்த்தால் கல் எது, மெழுகு எது என்று தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம். துணியை விரிக்கப் போனேன். வேண்டாம், கொஞ்சம் பொறுப்போம் என்று மனசு சொன்னது.

கத்திரி வெயில். தகர ஷீட்டுக்குக் கீழே, மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிவிட்டது. மத்தியானம் இணைப்பில் நகத்தை வைத்தேன். நகம் உள்ளே இறங்கியது. மெழுகு இளகி, ஓரத்தில் கோடாக மேலே எழும்பியிருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தார். “இது மெழுகு தாங்குற ஊரா? நம்மளே உருகுறோம்.”

மறுபடி சுரண்டினேன். பெட்ரோல் போட்டுப் பிசுக்குப் போகத் துடைத்தேன். அன்றைக்கு அவ்வளவுதான்.

கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் கடைக்கு அடுத்தது ஒரு பாயின் டிங்கரிங் பட்டறை. அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தில் பட்டி பூசி, தேய்த்துச் சமமாக்குவார். அன்றைக்கும் ஒரு கார் கதவில் பட்டி பூசிக்கொண்டிருந்தார். வெட்டி ஒட்டிய தகடு. நான் எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற வேலைதான். ஆனால் அன்றைக்குத்தான் அதை உற்றுப் பார்த்தேன். பட்டி காய்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடத்தில் ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வெயிலில்தான் நிற்கிறது அந்தக் கார்.

“பாய், கல்லுல பட்டி நிக்குமா?” என்றேன்.

“கல்லுலயா? என்ன மாப்ள, அம்மிக்குப் பெயிண்ட் அடிக்கப் போறியா?”

“மேசை. கல்லு வச்ச மேசை.”

“கார்ல நிக்கிறது மேசையில நிக்காதா? கார் குண்டுங்குழியில குதிக்குது. மேசை என்ன, ஓடவா போகுது?”

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு உடனே கையைத் துடைத்தார். “வா, நான் வந்து பூசித் தாரேன். கலக்குன பட்டிய நீ ஒரு கையில எப்புடி...”

“வேண்டாம் பாய். பக்குவத்த மட்டும் சொல்லுங்க.”

அவர் வற்புறுத்தவில்லை. ஒரு டப்பாவில் பட்டியும், அதை இறுக வைக்கும் ஹார்டனர் டியூபும் எடுத்துக் கொடுத்தார். “இந்த வெயில்ல ஹார்டனர் கூடிச்சுன்னா தகட்டுலேயே கல்லாயிரும். கம்மியாப் போடு. கொஞ்சங் கொஞ்சமாக் கலக்கு. ஒரே பூச்சுல நிரப்பணும்னு ஆசப்படாத” என்றார். நான் கிளம்பும்போது, “அல்லா இருக்கான், போ” என்றார்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே கிளப்புக்குப் போய்விட்டேன். முதல் கலவையில் ஹார்டனர் கூடிவிட்டது. பாய் சொன்னபடியே தகட்டிலேயே கல்லாகிவிட்டது. தூக்கிப் போட்டேன். இரண்டாவது கலவை பதமாக வந்தது. தகட்டை வலது கையில் பிடித்து, இடது உள்ளங்கையை மேலே வைத்து அழுத்தி இணைப்பின் நீளத்துக்கு இழுத்தேன். காய விட்டேன். தேய்த்தேன். இன்னொரு பூச்சு. மறுபடி தேய்ப்பு. உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு கல்லோடு கல்லாக ஆகும்வரை தேய்த்தேன். கூரை ஷீட் சுட ஆரம்பித்ததும் நகத்தை வைத்துப் பார்த்தேன். இறங்கவில்லை.

துணி போடும் முன்பே வெறும் கல்லில் பந்தை உருட்டினேன். காதை வைத்தேன். ‘டக்’ இல்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. துணியை விரித்தபோதுதான் அடுத்த தப்பு தெரிந்தது. முதல் நாள் மிச்சத்தை ஓரம் ஒட்டக் கத்தரித்திருந்தேன் அல்லவா. இப்போது கையில் சுற்றிக்கொள்ளத் துணி இல்லை. ஓரத்தில் கொஞ்சம்தான் தொங்கியது. நல்ல கை உள்ளவன் இரண்டு விரலால் பிடித்து இழுத்துவிடுவான். நான் மூன்று விரலையும் மடக்கிப் பிடித்தேன். வழுக்கியது. முழங்கையில் இடுக்கினேன். வழுக்கியது. பல்லால் கடித்துக்கூடப் பார்த்தேன். துணிக்கு எச்சில் ஆனதுதான் மிச்சம்.

பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாலு பேர் வந்து நாலு பக்கமும் இழுத்துவிடுவார்கள். அக்கா கவுன்டரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கேட்பதில் தப்பும் இல்லை. யாரும் யாரையும் கேட்காமல் வாழ்ந்துவிடவில்லை. ஆனால் ஒண்ணாம் தேதி கிட்டத்தில் இருந்தது. எனக்கு விடை தெரிந்தாக வேண்டும்.

துணியை மடித்துப் பையில் போட்டேன். “அக்கா, போயிட்டு வாரேன்.”

“வாங்க” என்றார். எங்கே என்று கேட்கவில்லை.

பஸ் பிடித்து என் கடைக்குப் போனேன். கார் சீட்டுக்கு அடியில் கட்டும் பட்டை நாடா ஒரு சுருள் இருந்தது. தடித்தது, லேசில் அறுகாது. துணியின் நாலு ஓரத்திலும் அந்த நாடாவை வைத்துத் தைத்தேன். கை விட்டு இழுக்கும் அளவுக்கு அங்கங்கே வளையம் வளையமாக நாடாவைத் தொங்கவிட்டேன். டேபிள் துணி கம்பளி, கனம். இடது உள்ளங்கையை அதன்மேல் படுக்க வைத்து, தள்ளாமல், இழுக்காமல், மிஷின் போகிற போக்குக்கு விட்டுக் கூடவே போனேன். தைத்து முடித்துப் பார்த்தபோது கோடு நேராக ஓடியிருந்தது. அதுவரை விரல் இருந்த காலத்தில் பிடித்த மாதிரியே பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் கோணியிருக்கிறது. இந்தக் கைக்கு வேறு பிடி.

திரும்பப் பசுமலைக்குப் போனேன். நாடா வளையத்துக்குள் முன்கையை நுழைத்து, முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டு, முழங்காலை முட்டுக் கொடுத்துச் சாய்ந்தேன். துணி முரசுத் தோல் போல விறைத்து வந்தது. விரலால் இழுத்தால்கூட அந்த விறைப்பு வராது. அடித்தேன். அடுத்த வளையம். பழைய பின் ஓட்டைகள் மேலே தெரியாதபடி கல்லுக்குக் கீழே தள்ளி அடித்தேன். சுற்றி முடித்ததும் தொங்கிய நாடாவை அறுத்து, ஓரக் கட்டைகளைத் திரும்ப முடுக்கினேன்.

சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. யாரும் பிடிக்கவில்லை. யாரையும் கேட்கவில்லை.

அக்கா பந்தோடு வந்தார். உருட்டினார். பந்து போனது. ஒரு சத்தம் இல்லை. ஒதுங்கவும் இல்லை. எதிர்ப்பக்கம் போய் உருட்டினார். குறுக்கே உருட்டினார். மூலைக்கு மூலை உருட்டினார். அப்புறம் குனிந்து ஒரு மூலை ஓட்டையின் விளிம்பைத் தடவினார்.

“இங்க ஒரு சுருக்கம் இருக்கு.”

இருந்தது. சின்னதுதான். அந்த மூலையை மட்டும் பிரித்துத் திரும்ப அடித்தேன். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

அதன்பிறகு அவர் குச்சியை எடுத்தார். எல்லாப் பந்தையும் முக்கோணத்தில் அடுக்கி, ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பந்துகள் சிதறி ஓடின. தனியாளாகச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக விழவைத்தார். அவ்வளவு நன்றாக ஆடுவார் என்று எனக்குத் தெரியாது. மெதுவாகத் தட்டியது, வேகமாகத் தட்டியது எல்லாம் அவர் நினைத்த இடத்துக்கே போனது. பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். கடைசிப் பந்து விழும்வரை எங்காவது ‘டக்’ கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

குச்சியைச் சுவரில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்த டேபிள் துணியும் நைஞ்சு போச்சுண்ணே. எப்ப வாரீங்க?”

பாராட்டு ஒன்றும் இல்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. “என்னைய நம்பி எப்புடிக்கா குடுத்தீங்க?”

“நம்பியா?” என்றார். “அந்த மெக்கானிக் ஒரு மாசம் ஆகும்னான். நீங்க ஸ்கூட்டர்ல போற தூரத்துல இருந்தீங்க.”

ஒரு பையன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெகு நாளைக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அங்கிருந்து நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன். வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், மில்லுக்கு நான் வரல” என்றேன்.

“என்ன மாப்ள, கோவமா?”

“கோவம் இல்ல. வேலை இருக்கு.”

என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் பைக் சீட்டைப் பார்த்தேன். நடுவில் நீளமாகக் கிழிந்து ஃபோம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வெயிலில் மஞ்சளாகி உதிர்ந்திருந்தது. கிழிந்து வெகு காலம் ஆகியிருக்கும்.

“இத ஏன் எங்கிட்டக் கொண்டு வரல?”

மச்சான் துடைக்கிற துணியைப் பிழிந்தார். “ஒனக்கு எதுக்குச் செரமம்னுதேன் மாப்ள...”

“நாளைக்குக் கொண்டு வாங்க. சரியில்லன்னா சரியில்லன்னு சொல்லணும். சொல்றதா இருந்தா கொண்டு வாங்க.”

கொண்டு வந்தார். முதல் தடவை தைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கம் தூக்குகிறது என்று இழுத்து இழுத்துச் சொன்னார். பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

கடை இன்றைக்கும் இருக்கிறது. சீட்டு வேலைதான் அதிகம். எப்போதாவது டேபிள் வேலையும் வரும். யார் எது கொண்டு வந்தாலும், முடித்த பிறகு தடவிப் பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், குறை இருந்தால் இங்கேயே சொல்லுங்கள் என்பேன். சிலர் சொல்வார்கள். சிலர் இன்னமும் என் கையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். அவர்கள் போன பிறகு நானே உட்கார்ந்து யோசிப்பேன், எதைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனார்கள் என்று.

எனக்காக இரக்கப்பட்டவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான், அவர்கள்மேல் வருத்தம் இல்லை. ஆனால் என் வேலையில் குறை இருக்கிறது என்று ஒருத்தர் முகத்துக்கு நேரே சொன்ன அன்றைக்குத்தான் நான் மறுபடியும் தொழிலாளி ஆனேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.